வாப்பா நடிக்கவில்லை

அன்புள்ள ஐயா,

மருதமுனையிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். வாப்பாவுக்கு 68 வயது. வாலிபத்திலிருந்து கைத்தறியில் நெய்தவர். நாலு வருடத்துக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்கின்சன் நோய் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நாளுக்கு மூன்று வேளை குளிசை. இப்போது நடுக்கம் பெரிதில்லை. காலை பத்து மணிக்குத் தானாகவே கடைத்தெரு வரை போய் வருகிறார். பகல் ஒரு மணிக்கு அறை வாசலில் நின்றால் நின்றதுதான், கால் பெயராது. "காலையில் நடந்த மனிதருக்கு இப்போது என்ன வந்தது? நடிக்கிறார்" என்கிறார் உம்மா. பேரன் மடியில் ஏறினாலும் முகத்தில் சிரிப்பில்லை. எங்கள் மேல் கோபமா? நோன்பும் வருகிறது. ஸஹருக்கும் நோன்பு திறக்கும்போதும் குளிசை போட்டால் போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். தறியைப் பிரித்துக் கொட்டிலில் வைத்துவிட்டோம்.

ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாப்பா நடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே சொல்லைச் சொன்னோம். படுவான்கரையில் என் பெரியப்பா வடமோடிக் கூத்தாடியவர். விடியவிடியக் களரியில் நின்று ஆடியவரை ஊர் கொண்டாடியது. நோய் வந்த பிறகு, வீட்டுக்குள் பத்து அடி நடக்க அவர் திணறியபோது, "இவருக்குக் கூத்து இன்னும் விடவில்லை" என்று நாங்கள் அவர் காதுபடச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

மூளையின் அடியில் கருமையாகத் தெரியும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை வீசி நடப்பது, கண் சிமிட்டுவது, ஒருவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பது, இப்படி நாம் நினையாமலே செய்கிற அசைவுகளுக்கு அது வேண்டும். பார்கின்சன் நோயில் அந்த உயிரணுக்கள் மெல்ல அழிகின்றன. 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் ஆறு பேரைக் கவனித்து, 'நடுக்கு வாதம்' என்று எழுதினார். அந்தப் பெயராலோ என்னவோ, நடுக்கம்தான் நோய் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள். உடல் மந்தமாவதுதான் இதன் உயிர்நாடி.

முகமும் அப்படித்தான். சிரிப்பு உள்ளே பிறக்கிறது, முகத்துத் தசைகளுக்கு வந்து சேருவதில்லை. பேரன் மடியில் ஏறும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், வாயால் கேளுங்கள்: "வாப்பா, சந்தோசமா?" குரலும் தணிந்திருக்கும், பதில் வரச் சுணங்கும். மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடும். அதற்கு மருந்துண்டு. தூக்கம், பசி, ஆர்வம் குறைந்திருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனிப் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் வருவோம். டோபமைனை விழுங்கினால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்து நுழையும், நுழைந்து டோபமைனாக மாறும். 1960களில் வந்த இந்த மருந்தை விஞ்சிய குளிசை இன்னும் வரவில்லை. தொடக்கத்தில் ஒரு குளிசையின் பலன் அடுத்த வேளை வரை தாங்கும். வருடங்கள் போகப்போக, இடையிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் காலையில் நடந்தவர் பகலில் நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: குளிசை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நடக்க முடிந்த நேரம், கால் நின்றுபோன நேரம். அந்தக் கொப்பியைப் பார்த்து வைத்தியர் வேளைகளை நெருக்கலாம், அளவை மாற்றலாம். "கொஞ்சம் கூடிவிட்டது" என்று வாயால் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

சாப்பாட்டு நேரம் முக்கியம். மீன், இறைச்சி, முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றின் புரதமும் லெவோடோபாவும் உடலுக்குள் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குளிசை போடச் சொல்வார்கள். அதற்காக மீனை நிறுத்திவிடாதீர்கள், மெலிந்துபோவார்.

வாசலில் கால் ஒட்டிக்கொள்வதை நான் கிட்டவிருந்து பார்த்திருக்கிறேன். பெரியப்பா குசினி நிலையடியில் நின்றார். குதிக்கால் இரண்டும் தூக்கித் துடிக்கின்றன, விரல்கள் சீமெந்துத் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. மேல் உடம்பு முன்னே சாய்கிறது. பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார். இன்னும் இறுகினார், விழப் பார்த்தார். பெரியப்பாவோடு கூத்தில் மத்தளம் அடித்த பக்கத்து வீட்டுக்காரர் அப்போது விறாந்தையில் இருந்தார். எழுந்து வரவில்லை. கதிரைக் கையில் விரலால் தட்டிக்கொண்டு "தகதிக தெய்" என்று தாளக்கட்டைச் சொன்னார். இரண்டாவது சுற்றில் பெரியப்பாவின் வலது கால் எழும்பியது. நிலையைத் தாண்டி நாலு அடி, தாளம் பிசகாமல்.

அது மாயமில்லை. தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், வெளியிலிருந்து வரும் தாளத்துக்கோ கண்ணில் படும் கோட்டுக்கோ கால் கட்டுப்படும். வாசலடியில் ஒரு அடி இடைவெளி விட்டுக் குறுக்கே வெள்ளை நாடா ஒட்டுங்கள், கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். இழுக்காதீர்கள், "கெதியாக" என்று சொல்லாதீர்கள். நிலையடியில் கிடக்கும் கால்மிதியை இன்றே எடுத்துவிடுங்கள்.

நோன்பைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டென்பது அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே இருக்கிறது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். மருந்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினாலோ வெகுவாகக் குறைத்தாலோ உடல் இறுகி, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்புக்கு முன்பே வைத்தியரைப் பாருங்கள். அவர் சொல்வதை மௌலவியிடம் சொல்லுங்கள். வாப்பா உங்கள் சொல்லைவிட மௌலவியின் சொல்லைக் கேட்பார்.

பூனைக்காலி விதையை யாராவது கொண்டு வருவார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே குளிசையோடு சேர்த்துத் தன்னிச்சையாகக் கொடுப்பது ஆபத்து, அளவு எகிறிவிடும். வேறு நோய்க்கு ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்க நேர்ந்தால், குளிசை நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பெரியப்பாவை ஒரு முறை சேர்த்த இடத்தில் வாட்டு நேரத்துக்குத்தான் குளிசை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரால் கட்டிலில் புரளவே முடியவில்லை. குமட்டலுக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் இந்த நோயைக் கூட்டும். அது வேண்டாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

கடைசியாக, தறி. மிதியை மாறி மாறி மிதிப்பதும் நூலைக் கொண்டு நாடா ஓடும் சத்தமும் ஒரு தாளம்தான். வாலிபத்திலிருந்து அந்தக் காலில் ஊறியது. அதைக் கொட்டிலிலிருந்து எடுத்துப் பூட்ட முடியுமா என்று பாருங்கள். குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பக்கத்தில் ஒருவர் இருக்க, அதன் முன்னே உட்கார விருப்பமா என்று வாப்பாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை அடுத்த கேள்வி கேட்காமல் இருங்கள்.