சாரல் காலத்தில் கண்ணாடிப் பட்டறை: புகை எந்தப் பக்கம் போக வேண்டும்?

கேள்வி: செங்கோட்டையில் எங்கள் ஓட்டு வீட்டின் புறவாசல் அறையில் கண்ணாடி மணிகள் செய்து விற்கிறேன். அறை 10க்கு 12 அடி. சமையல் எரிவாயுவிலும் ஆக்சிஜன் செறிவூட்டியிலும் எரியும் சிறிய பர்னர் வைத்திருக்கிறேன். மேற்குச் சுவரில் கூரையை ஒட்டி 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. வேலை மேசை அதற்கு நேர் கீழே. கோடையில் தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தவரை தொந்தரவில்லை. சாரல் தொடங்கி ஜன்னலை அடைத்த பிறகு ஒரு மணி நேரத்திலேயே தலைவலி வந்துவிடுகிறது. வெளியே போய் நின்றால் குறைகிறது. பெரிய ஃபேன் மாட்டினால் போதுமா? முகக்கவசம் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: முதலில் பர்னரை அணைத்து வையுங்கள். அறையைச் சரிசெய்யும்வரை வேலை வேண்டாம். அறைக்குள் வந்து வெளியே போனால் குறையும் தலைவலிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடை. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆக்சிஜன் குறைந்து சுடர் மஞ்சளாக எரியும்போது அது தாராளமாக உண்டாகும். வெள்ளி மினுமினுப்புக்காகச் சிலர் வேண்டுமென்றே அப்படி எரிப்பதும் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து ‘98 காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சமாதானம் அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே காட்டும்.

இன்னொரு ஆள் நைட்ரஜன் டை ஆக்சைடு. சுடர் எவ்வளவு சூடோ அவ்வளவு அதிகம் உண்டாகும். அதனால் உருக அதிகச் சூடு கேட்கும் போரோசிலிகேட் கண்ணாடியில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். வேலை நேரத்தில் லேசான தொண்டைக் கரகரப்போடு நின்றுவிட்டு, பல மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலாக வெளிப்படுவது அதன் குணம். இரவில் அப்படி ஏதாவது நேர்ந்தால் மருத்துவமனைக்குப் போய், பகலில் சுடர் முன் உட்கார்ந்திருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி ஃபேன். கோளாறு அதன் அளவில் மட்டும் இல்லை, அது இருக்கும் சுவரில் இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்துவரும் மேல்காற்று உங்கள் மேற்குச் சுவரில்தான் முட்டுகிறது. தென்காசிக் கோபுர வாசலை வேட்டியைப் பிடித்துக்கொண்டு கடந்தவர்களுக்கு அந்தக் காற்றின் பலத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை எதிர்த்து ஒரு 6 அங்குல ஃபேன் என்ன செய்யும்? இறக்கை சுற்றும், சத்தம் கேட்கும், புகை வெளியே போகாது; காற்று வேகமெடுக்கும்போது வெளிக்காற்றே உள்ளே திரும்பும். இதே சுவரில் பெரிய ஃபேன் மாட்டினாலும் ஆடி மாதத்தில் அதுவும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

இரண்டாவது கோளாறு, ஜன்னலை அடைத்தது. எவ்வளவு காற்று வெளியே போக வேண்டுமோ அவ்வளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். கோடையில் உங்களைக் காப்பாற்றியது ஃபேன் அல்ல, தெற்கு ஜன்னல். மூடிய அறைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியும் வரும். சாரல் நாளில் சுவர் வியர்ப்பதற்கு மழையை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் உட்காரும் இடம். ஃபேன் தலைக்கு மேலே இருப்பதால் மேசையிலிருந்து எழும் புகை உங்கள் முகத்தை உரசிக்கொண்டுதான் மேலே போகிறது. சுடருக்கும் புகை வெளியேறும் வாய்க்கும் நடுவே உங்கள் மூக்கு வரக் கூடாது. ஃபேன் வாங்கும் முன் ஒரு தாளில் அறையை வரைந்து, காற்று எங்கே நுழைந்து, உங்களைத் தாண்டி, சுடரைத் தாண்டி, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு முகத்தின் வழியாகத் திரும்பி வந்தால் மேசையை நகர்த்துங்கள்.

மேசையின் மேல் ஒரு புகைக்கூண்டு வேண்டும். பின்புறம், இரு பக்கம், மேற்புறம் மூடி, முன்புறம் மட்டும் திறந்த தகரப் பெட்டி. தகர வேலை செய்பவரிடம் சொன்னால் ஜி.ஐ. தகட்டில் செய்து கொடுத்துவிடுவார். உள்ளே பின்பக்கம் சிமென்ட் பலகை ஒட்டுங்கள். பர்னர் கூண்டின் விளிம்புக்கு அரை அடி உள்ளே இருக்கட்டும், சுடர் உங்களை விட்டு விலகிச் சரிவாக மேல்நோக்கி எரியட்டும். கை மட்டும் உள்ளே, முகம் வெளியே. தொங்கவிட்ட குடை மாதிரிக் கூண்டைச் சிலர் விரும்புகிறார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் திறந்திருப்பதால் அதே வேலைக்கு அது மிக அதிகமான காற்றைக் கேட்கும். வீட்டுப் பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கு எளிது. கூண்டின் திறந்த வாயில் காற்று நிமிடத்துக்கு சுமார் 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும். வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 6 சதுர அடி. நிமிடத்துக்கு 600 கன அடி காற்று. நம் ஊர்க் கடைகளில் ஃபேன் பெட்டியின் மேல் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். கன அடிக் கணக்கை 1.7ஆல் பெருக்கினால் அது கிடைத்துவிடும். உங்களுக்குத் தேவை மணிக்கு ஏறத்தாழ 1,020 கன மீட்டர். வீட்டு 6 அங்குல ஃபேன் பலவும் இதில் கால் பங்கைத் தாண்டுவதில்லை, அதுவும் எதிர்க்காற்று இல்லாதபோது.

பெட்டியில் போட்டிருக்கும் எண், குழாய் எதுவும் மாட்டாமல் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். குழாயும் வளைவும் சேர்ந்தால் சாதாரண இறக்கை ஃபேன் திணறிவிடும். குழாய்க்குள் பொருத்தும் இன்லைன் ஃபேனாக, 1,500 கன மீட்டர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். குழாய் 10 அங்குலம். சுருங்கி விரியும் அலுமினியக் குழாய் மலிவுதான், ஆனால் அதன் மடிப்புகள் காற்றைப் பிடித்து நிறுத்தும்; நேரான தகரக் குழாயே நல்லது. பி.வி.சி. குழாயைச் சூடு படும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

சமையலறைச் சிம்னியை மாட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். குழாய் இல்லாமல் கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை உங்களுக்குச் சுத்தமாகப் பயனில்லை. கார்பன் மோனாக்சைடை அந்தக் கரி பிடிக்காது. குழாய் உள்ள வகை பரவாயில்லை ரகம், எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிவிட்டால்.

குழாயை எங்கே விடுவது? கிழக்குச் சுவரில் விட்டால் சாரல் காலத்துக்குச் சரி. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும்போது அதே தொல்லை, கொஞ்சம் மெலிதாக. பக்கத்துச் சந்தில் எதிர்வீட்டு ஜன்னல் இருந்தால் சண்டையும் வரும். ஆகவே கூரை வழியாக மேலே கொண்டுபோய், ஓட்டு முகட்டுக்கு மேல் 3 அடி உயர்த்திவிடுங்கள். வாய்க்கு மேல் கூம்புத் தொப்பி போடுவது நம் வழக்கம். அது வெளியேறும் புகையைக் கீழே தள்ளிவிடும். அதற்குப் பதில் 10 அங்குலக் குழாயின் நுனியைச் சுற்றி 11 அங்குலக் குழாய் ஒன்றை, அரை அடி கீழே தழுவி, மொத்தம் 40 அங்குல நீளத்தில் மாட்டச் சொல்லுங்கள். சாய்வாக விழும் சாரல் வெளிக்குழாயின் உட்சுவரில் பட்டு இடைவெளி வழியாக ஓட்டின்மேல் வடிந்துவிடும். புகை நேராக மேலே போகும். ஓட்டைத் துளைக்கும் இடத்தில் ஈயத்தகடோ தகரமோ வைத்து ஒழுகாமல் அடைப்பது கொத்தனார் பாடு.

உள்ளே வரும் காற்றுக்குத் தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 3 சதுர அடிக்குக் குறையாமல் சாய்வுப் பலகைத் திறப்பு வையுங்கள். கொசுவலை அடித்தால் இன்னும் பெரிதாக. காற்று நேராக உங்கள் முதுகில் அடிக்கக் கூடாது. முதுகில் மோதும் காற்று உடம்பைச் சுற்றி முன்னால் வந்து சுழலும். அந்தச் சுழல் புகையை மூக்கருகே இழுத்துக்கொண்டு வரும். திறப்புக்கு முன் ஒரு தடுப்புப் பலகை நின்றால் போதும், சுடரும் ஆடாது. கூரை மின்விசிறியை வேலை நேரத்தில் போடவே கூடாது. புகையை அறை முழுக்கக் கலக்கிவிடும்.

எல்லாம் மாட்டியதும் பர்னரைக் கொளுத்தாமல் ஒரு ஊதுபத்தியைக் கூண்டின் வாயருகே இடம், வலம், கீழ் விளிம்பு என்று நகர்த்திப் பாருங்கள். புகை தயங்காமல் உள்ளே சாய வேண்டும். பிறகு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அமர்ந்து, தாடைக்குக் கீழே பத்தியைப் பிடியுங்கள். புகை மூக்குக்கு ஏறினால் வழி இன்னும் சரியாகவில்லை. மேல்காற்று வேகமாக அடிக்கும் ஒரு நாளில் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

சிலிண்டர் அறைக்கு வெளியே இருக்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மேலே இழுக்கும் கூண்டு அதைத் தொடாது. வாசம் அடித்தால் ஃபேன் சுவிட்சைத் தட்டாதீர்கள், கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். நீங்கள் விற்பனைக்குச் செய்வதால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, மூச்சுவிடும் உயரத்தில், கூண்டுக்கு வெளியே. எண் காட்டும் திரை உள்ளதாக வாங்குங்கள். காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 50 பங்கு இருக்கும்போது அலாரம் ஒலிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரை முன்பே சொல்லிவிடும். அது எரிவாயுக் கசிவைக் காட்டாது, அதற்குத் தனிக்கருவி தரையருகே வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மோசமான நேரம். செறிவூட்டி நின்று சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும் அதே நொடியில் ஃபேனும் நின்றுவிடும். கையில் பாதி உருகிய மணி இருந்தாலும் வாயுவை உடனே மூடுங்கள்.

முகக்கவசத்துக்கு வருகிறேன். என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சுடர் முன் அதை நம்பி உட்காரக் கூடாது. அதற்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது: கம்பியிலிருந்து மணியைக் கழற்றி, ஒட்டாமலிருக்கக் கம்பியில் தடவிய பூச்சை மணியின் துளையிலிருந்து சுரண்டும்போதும், சூளையில் சூடு காக்கும் பீங்கான் நார்க் கம்பளத்தைத் தொடும்போதும். அப்போதும் தண்ணீரில் நனைத்துச் செய்வதே மேல். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிக் குச்சிகள் பலவற்றில் காட்மியம் இருக்கும். கட்டாக வாங்கும் குச்சிகளில் உள்ளடக்கம் பெரும்பாலும் அச்சிட்டிருக்காது. இருப்பதாகவே எண்ணி, அவற்றைக் கூண்டுக்குள் மட்டும் உருக்குங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.