எல்லோருக்கும் ஒரே நோட்டீஸா?

கேள்வி: தொண்டு அமைப்பு ஒன்றில் எச்ஐவி தடுப்பு வேலை பார்க்கிறேன். பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசியில் போதை ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ்தான் தருகிறோம். வாங்கிக்கொள்கிறார்கள், பரிசோதனைக்கு மட்டும் வருவதில்லை. எதை மாற்றலாம்?

பதில்: உங்கள் நோட்டீஸ் 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று ஆரம்பித்தால், முதல் வரியிலேயே அதை மடித்து வைத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார் என்று முதலில் கேளுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

பாலியல் தொழிலாளிக்கு ஆணுறை பற்றி உங்களைவிட நன்றாகவே தெரியும். வேண்டாம், கூடப் பணம் தருகிறேன் என்கிற வாடிக்கையாளர், குடித்துவிட்டு முரண்டு பிடிப்பவர், பையில் ஆணுறை இருந்தாலே அதைக் குற்றச் சாட்சியாக்கும் போலீஸ், இவைதான் அவருடைய சிக்கல். வாடிக்கையாளரிடம் கறாராக இருப்பவர்கூட வீட்டில் இருக்கும் துணையிடம் ஆணுறைப் பேச்சையே எடுக்க மாட்டார், சந்தேகப்படுகிறாயா என்று சண்டை வரும். அவரிடம் ப்ரெப் மாத்திரை, அதாவது எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போடும் மாத்திரை, பற்றிப் பேசுங்கள். தொற்று இல்லை என்று பரிசோதித்த பிறகு தினமும் போட்டுக்கொள்வது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் அது தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இந்த ப்ரெப் விஷயத்தில்தான் பொது நோட்டீஸ் ஆபத்தாகவே ஆகிவிடும். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு 2 மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று என்று தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றது. ஆனால் பெண்களுக்கும் ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் அது பொருந்தாது, அவர்கள் தினமும் போட வேண்டும். திருநங்கைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு, மாத்திரை தங்கள் ஹார்மோனைக் கெடுத்துவிடுமோ என்று. கெடுக்காது, அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களில் பலர் திருமணமானவர்கள், தங்களை எந்தப் பெயரிட்டும் அழைத்துக்கொள்ளாதவர்கள், அப்படிப் பெயர் போட்ட தாளை வீட்டுக்கும் எடுத்துப்போக முடியாது, அதனால் ஆளுக்குப் பெயர் வைக்காமல் செயலைப் பற்றி மட்டும் பேசுங்கள்: ஆசனவாய் உறவில் ஆபத்து அதிகம், எண்ணெய் ஆணுறையைக் கிழித்துவிடும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் சரி.

ஊசி போடுபவரிடம் 'போதையை விடு' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஊசியைப் பகிராதவர்கூட மருந்து கலக்கும் மூடியையும் தண்ணீரையும் வடிகட்டும் பஞ்சையும் பகிர்வார். அதைச் சொல்லுங்கள், புது ஊசி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

நோட்டீஸில் மண்டை ஓட்டுப் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பயந்தவர் பரிசோதனையைத் தள்ளித்தான் போடுவார். சிகிச்சையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் பிறருக்குப் பரவாது. பரிசோதிக்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அப்புறம், எல்லாத் தாளிலும் இருக்க வேண்டிய ஒன்று: எச்ஐவி தொற்றக்கூடிய ஆபத்து நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், தொற்று பிடிக்காமல் தடுக்கும் பெப் மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அச்சடிக்கும் முன் அந்தந்தக் குழுவில் சிலரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், புரிந்ததைத் தங்கள் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். களத்தில் பேசவும் அவர்களில் ஒருவரையே, சம்பளம் கொடுத்து, வையுங்கள். பரிசோதனை மையம் காலையில் மட்டும் திறந்திருந்தால், இரவெல்லாம் வேலை பார்த்தவர் எந்த நோட்டீஸைப் படித்தும் வர மாட்டார், முதலில் அந்த நேரத்தை மாற்றப் பாருங்கள்.