மெத்தைக்கு அடியில் ஈரம்: கூரை ஒழுகுகிறதா?

வண்டியிலேயே தங்கிப் படுக்கும் நீங்கள், மெத்தைக்கு அடியில் ஈரமாக இருக்கிறதே, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூரை ஒழுகவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் ஒரு வாரமாக மழை என்பதால் அப்படித் தோன்றுகிறது. நீங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் ஆள் வடிவத்தில் ஈரம், ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது என்கிறீர்களே, அது உடம்பிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராவதுதான்.

வண்டிக்குள் நீங்கள் குளிர்காய எரிக்கும் கேஸ் அடுப்பும் இதைக் கூட்டுகிறது. ஒரு கிலோ புரோப்பேன் (சிலிண்டர் கேஸ்) எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் உண்டாகி, ஆவியாக வண்டிக்குள்ளேயே சேரும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் ஆபத்து வேறு. குளிர்காய அடுப்பு எரிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

இன்றிரவு கூரை விசிறியின் மூடியை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள், மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். மழைக்காற்றுதானே வரும் என்று யோசிக்காதீர்கள். 7 டிகிரியில் முழு ஈரக்காற்றிலும் ஒரு கனமீட்டருக்கு 8 கிராமுக்குக் குறைவாகத்தான் நீர். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அது உலர்ந்த காற்று. காலையில் பலகையைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆனால் மழைக்குப் பிறகு ஒரே மூலையில் பழுப்புக் கறை வந்தால் நான் சொன்னது செல்லாது. அப்போது கூரை சீலன்ட்டை (இணைப்புகளில் நீர் புகாமல் பூசும் பசையை) பாருங்கள்.