டாக்டருக்கே காய்ச்சலா?

கேள்வி: எங்கள் டாக்டர் ஒரு வாரமாக கிளினிக்கைப் பூட்டிவிட்டார். காய்ச்சலாம், சேலம் போய் வேறு டாக்டரிடம் காட்டுகிறாராம். டாக்டருக்கே காய்ச்சலா? தனக்கே வைத்தியம் பார்க்கத் தெரியாதவர் நமக்கு என்ன பார்ப்பார்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: நாலு வரிக்குள் இரண்டு 'ஏ' போட்டுவிட்டீர்கள். டாக்டருக்கே, தனக்கே. ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது நன்னூல். அதில் பிரிநிலை என்று ஒன்று உண்டு. உங்கள் 'ஏ'யை நான் அதில்தான் சேர்ப்பேன். மனிதக் கூட்டத்திலிருந்து டாக்டரைத் தனியே பிரித்து வைக்கிறது. இந்த 'ஏ'யோடு எனக்குப் பல வருடச் சண்டை. 'வாத்தியார் மகனே ஃபெயிலா?' என்று கேட்டுக் கேட்டு எத்தனை பிள்ளைகளைத் தலைகுனிய வைத்திருக்கிறோம்!

பாலக்கோட்டுக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வருவதற்கு முன்பு, போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு யார் பல்லை விட்டுவைத்தது? அதைக் குடித்து வளர்ந்து டாக்டரான பிள்ளை சிரித்தாலும் அதே காவிப் பல்தான். தண்ணீருக்கு 'ஏ' போடத் தெரியாது.

சரி, தனக்குத்தானே வைத்தியம். 1961-ல் அன்டார்டிகாவில் ரோகோசோவ் என்ற ரஷ்ய டாக்டர் தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்தார். அந்த முகாமில் அவரைத் தவிர வேறு டாக்டர் இல்லை. தருமபுரியில் 2008 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, இங்கே எதற்கு அந்தக் கொடுமை? தன் உடம்பைத் தானே பார்க்கிறவர் நெஞ்சுவலியை வாயு என்று தள்ளிவிடலாம், சாதாரணத் தலைவலியைக் கட்டி என்று நினைத்துத் தூக்கம் கெடலாம். அடுத்தவர் கைபட்டால்தான் உண்மை தெரியும். டாக்டர்கள் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியை உலக மருத்துவச் சங்கம் 2017-ல் திருத்தியபோது, 'என் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்வேன்' என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தது. நல்ல சிகிச்சை தர அதுவும் வேண்டும் என்பதால்.

உங்கள் டாக்டர் தருமபுரியைத் தாண்டி சேலம் வரை போனாரே, ஏன்? பக்கத்தில் காட்டினால் ஊர் இப்படிப் பேசும் என்று பயந்திருக்கலாம். காய்ச்சலோடு வந்து ஊசி போடாமல் கதவைப் பூட்டினார் பாருங்கள், அவரை நம்பலாம். அதுவரை அவசரமென்றால் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்குங்கள். அவர் திரும்பி வந்ததும் முதலில் 'உடம்பு எப்படி இருக்கு சார்?' என்று கேளுங்கள். உங்கள் முழங்கால் வலி அப்புறம்.