ஒரு விதைகூட முளைக்கவில்லையே!

கேள்வி: போன மாசியில் காங்கேயம் சாலையோரம் ஆவாரை விதை சேகரித்து, மாடித்தோட்டம் வைத்திருக்கும் தோழிகள் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். மழை நின்று மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகும் ஆவாரை பூக்கிறதே, தேனீக்களுக்கு ஆகட்டும் என்றுதான். ஒருவர் வீட்டிலும் முளைக்கவில்லை. விதை பழுதா? இந்த வருடம் தும்பை விதையும் கொடுக்கலாமா?
– வாசகி, பல்லடம்

பதில்: பழுதாக இருக்காது அம்மா. ஆவாரை விதையின் தோல் அவ்வளவு கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும். காலையில் உப்பியிருந்தால் விதைக்கலாம். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் தேய்த்துக் கொடுத்துவிடாதீர்கள், விதைக்கிறதுக்கு முந்தின நாள்தான் தேய்க்க வேண்டும். நான் பொட்டலத்தோடு விரல் நீள உப்புத்தாளும் வைத்துக் கொடுக்கிறேன்.

ஈரோட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஒருமுறை காய்களைப் பறித்த கையோடு பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதி மாவு, மீதியில் வண்டு ஊர்கிறது. “பூ கேட்டேன், பூச்சியைக் கொடுத்தீங்களே அண்ணி!” இன்றைக்கும் விசேஷத்துக்குப் போனால் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். இப்போதெல்லாம் காயை நிழலில் நன்றாக உலர்த்தி, ஓட்டை விழுந்த விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, காகித உறையில்தான் வைக்கிறேன்.

சரி, தும்பைக்கு வருவோம். கண்டிப்பாகக் கொடுங்கள். நீங்கள் தேனீயை நினைத்து ஆவாரையைக் கொடுத்தீர்கள், ஆனால் ஆவாரம்பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சின்னத் துளையுள்ள பைக்குள் இருக்கிறது. பெரிய கருவண்டு பூவைக் கட்டிக்கொண்டு ‘ஙொய்’ என்று உடம்பை அதிரவிட்டால் பொலபொலவென்று கொட்டும். தேனீக்கு அந்த வித்தை வராது. சிந்தியதைப் பொறுக்கும், அவ்வளவுதான். தேன் வேண்டுமென்றால் அது தும்பைக்குத்தான் போகும். அதற்காக ஆவாரையை விட்டுவிடாதீர்கள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவது அதன் இலையில்தான். ஆனால் ஆளுயரம் போகிற செடியை மாடியில் பையில் வைத்தால் நோஞ்சானாகத்தான் நிற்கும். வேலியோரம் இடம் இருக்கிற தோழிக்குக் கொடுங்கள்.

தும்பையின் பூக்கொத்து காய்ந்து பழுப்பானதும் செய்தித்தாள் மேல் கவிழ்த்துத் தட்டினால், எள்ளைவிடச் சின்ன விதைகள் உதிரும். தேய்க்க, ஊறவைக்க ஒன்றுமில்லை. புரட்டாசிக் கடைசியில் மண் மேலே தூவி உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். ஆழப் புதைத்தால் வராது.

உறையின் மேல் எந்த ஊரில், எந்த மாதம் எடுத்தது என்று எழுதுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பத்துச் செடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறியுங்கள். அப்புறம், அழகாக இருக்கிறதே என்று உண்ணிச்செடி விதையைச் சேர்த்துவிடாதீர்கள். மூக்குத்திப்பூவும் வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் போடுகிறோம் என்றாலும், இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. யாரும் தூவாமலே பரவும்.

உங்களிடம் தும்பை விதை மிஞ்சினால் எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டுத் தும்பையை இந்த முறை பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது.