பழைய பாய்மரப் படகுல குடியேறப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

மலேசியாவோட லங்காவி தீவுல, 1970கள்ல கட்டின 32 அடி பாய்மரப் படகுல வீட்டுக்காரரும் நானும் குடியிருக்கோம்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேர்த்து ஒரே பதிலா போட்டிருக்கேன்.

பினாங்குலேர்ந்து: அக்கா, 40 வருஷப் பழசு 30 அடி போட் ஒண்ணு சல்லிசா வருது. இவ்ளோ பழசை நம்பிக் கடல்ல போலாமா?

வயசைப் பாத்து பயப்படாதீங்க தம்பி. மேட் ரதர்ஃபோர்டுனு ஒரு அமெரிக்கர் 2011-12ல அல்பின் வேகாங்கிற 27 அடி பாய்மரப் படகுல தனியாளா எங்கயும் நிக்காம வட, தென் அமெரிக்கா ரெண்டையும் சுத்தி வந்தாரு, அது எழுபதுகள்ல கட்டின போட். நம்ம இந்தியக் கடற்படைக்காரரா இருந்த அபிலாஷ் டோமி, தனியாளா உலகத்தைச் சுத்துற 2022 கோல்டன் குளோப் ரேஸ்ல ரெண்டாவதா வந்தது ரஸ்ட்லர் 36ங்கிற படகுல, அந்த ரேஸுக்கு 1988க்கு முந்தின டிசைன்தான் வேணும்னே ரூல்.

ஹல், அதான் போட்டோட உடம்பு, பெரும்பாலும் நல்லாதான் இருக்கும், நாம நடக்கிற மேல்தளம் டெக்கைத்தான் பாக்கணும். ரெண்டு ஃபைபர்கிளாஸ் தகட்டுக்கு நடுவுல பால்சா மரமோ பிளைவுட்டோ வச்சிருப்பாங்க, கயிறு கட்டுற கிளீட், ஓரத்து வேலிக் கம்பம் ஸ்டான்ஷன் எல்லாம் போல்ட் போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கி அந்த மரம் ஊறும். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே நடங்க. டக் டக்னா நல்லது, தொப்புனு கேட்டா உள்ள இத்துப்போச்சு. ஒரு ஜாண் ரெண்டு ஜாண்னா சரி பண்ணிக்கலாம், டெக் பூரா தொப்புனா சல்லிசா வந்தாலும் வேணாம், விட்டுடுங்க.

சென்னையிலேர்ந்து: வாங்கினப்புறம் கையில கொஞ்சம் காசுதான் மிஞ்சும். சோலார், ஃபிரிட்ஜ், லித்தியம் பேட்டரி, எதுல ஆரம்பிக்கலாம்?

மூணுலயும் இல்ல சார். முதல்ல தண்ணி உள்ள வராம இருக்கணும், அப்புறம் மாஸ்ட், அதான் பாய்மரம், நிக்கணும், அப்புறம் நங்கூரம் பிடிக்கணும். இதுக்கப்புறம் காசு இருந்தா ஃபிரிட்ஜ்.

போட்டுல தண்ணிமட்டத்துக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்கும் சீகாக்னு ஒரு வால்வு இருக்கும், டாய்லெட்டுக்கு, சிங்க்குக்கு, இன்ஜின் கூலிங்குக்குன்னு. பழைய போட்ல யாராவது வீட்டுக் குழாய்க்குப் போடுற பித்தளை வால்வை மாட்டி வச்சிருப்பாங்க. உப்புத் தண்ணியில பித்தளையில இருக்கிற துத்தநாகம் போயிடும், மிஞ்சுறது பொறைபொறையா செம்பு மட்டும். கத்தியால லேசா சுரண்டுங்க, மஞ்சளா மின்னினா பரவால்ல, ரோஸ் கலர்ல தெரிஞ்சா அது ஒரு உதைக்குத் தாங்காது. அரை மீட்டர் ஆழத்துல 4 சென்டிமீட்டர் ஓட்டை ஒண்ணு தொறந்துக்கிச்சுன்னா நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல உள்ள வரும், போட் அடித்தட்டுல (பில்ஜ்) சேர்ற தண்ணியை இறைக்கிற சாதாரண பில்ஜ் பம்ப் அதுக்கு ஈடு குடுக்காது. வெங்கல வால்வோ, மேரலான்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் வால்வோ வாங்கிப் போடுங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஓட்டையை அடைக்க ஒரு மர ஆப்பு கயித்துல கட்டித் தொங்க விடுங்க.

மாஸ்ட்டை நிறுத்தி வைக்கிற கம்பி, அதான் ஸ்டாண்டிங் ரிக்கிங், 10-15 வருஷம் ஆயிடுச்சுன்னா கேள்வியே கேக்காம மாத்துங்க. கம்பி பளபளன்னுதான் இருக்கும், அடியில சொருகியிருக்கிற இடத்துலதான் ஒரு இழை அறுந்திருக்கும். டிஷ்யூ பேப்பரை சுத்தி மேலேர்ந்து கீழ இழுத்தா அறுந்த இழையில மாட்டி கிழியும். வெறும் கையால தடவிப் பாக்காதீங்க, சதையைக் கிழிச்சிடும். கம்பியை மாத்துறப்பவே, அதை போட்டோட பிணைக்கிற செயின்பிளேட் தகட்டையும் கழட்டிப் பாத்துடுங்க, டெக்குக்குள்ள மறைஞ்சிருக்கிற அந்த ரெண்டு இன்ச்லதான் துரு பிடிக்கும்.

சிங்கப்பூர்லேர்ந்து: கரண்டுக்கு எத்தனை வாட் பேனல் போதும்? மிக்ஸி கிரைண்டர்லாம் ஓடுமா?

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த வெயில்ல சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 12 வோல்ட் பேட்டரியிலேர்ந்து 50 ஆம்பியர்-அவர் கிட்ட இழுக்கும், சேட்டிலைட் நெட் தர்ற ஸ்டார்லிங்க் மினியை நாள் பூரா ஆன்ல விட்டா இன்னொரு 60, லைட்டு ஃபேனு ஃபோனு எல்லாம் சேர்த்து 25-30. 400 வாட் பேனல் நல்ல வெயில் நாள்ல சுமாரா 120 தரும், அதனால நெட்டை ராத்திரில ஆஃப் பண்ணினா ஓரளவு சரிக்கட்டும். பேனல் மேல பூம், அதான் பாயோட அடியில இருக்கிற குறுக்குக் கம்பு, அதோட நிழல் ஒரு கோடு விழுந்தாலே பாதி கரண்டு காணாம போயிடும், அதனால போட்டோட பின்னாடி ஒரு வளைவு ஃபிரேம் (ஆர்ச்) வச்சு மாட்டுங்க.

கிரைண்டருக்குக் கவலையே வேணாம், 150 வாட் அரை மணி நேரம்னா 6 ஆம்பியர்-அவர்தான். பிரச்சனை கல்லோட வெயிட்டுதான், போட் சாஞ்சா அது உருண்டு எதை உடைக்கும்னு சொல்ல முடியாது, அதனால கீழ லாக்கர்ல கட்டி வைங்க.

லித்தியம் போடுறவங்க, இன்ஜின் ஓடுறப்ப கரண்டு தர்ற பழைய ஆல்டர்னேட்டர்ல நேரா கோர்த்துடாதீங்க, பேட்டரி கேக்குற அளவுக்கு அது குடுத்துக் குடுத்தே சூடாகி எரிஞ்சிடும், நடுவுல ஒரு டிசி-டிசி சார்ஜர் வைங்க. வயர் தகரப்பூச்சு போட்ட செம்புதான் வாங்கணும், வீட்டு வயர் உப்புக் காத்துல உள்ளுக்குள்ளயே கறுத்துப் போகும்.

கோயம்புத்தூர்லேர்ந்து: கேஸ் அடுப்பு வைக்கலாமா அக்கா? பயமா இருக்கு.

பயம் இருக்கணும் தங்கச்சி, நல்லது. எல்பிஜி காத்தை விடக் கனம், வீட்ல கசிஞ்சா கதவு ஜன்னலைத் தொறந்து விட்டா போயிடும், போட்ல கசிஞ்சா அடியில பில்ஜ்ல போய் தேங்கி நிக்கும், பம்ப் சுவிட்ச்லேர்ந்து ஒரு பொறி போதும், வெடிச்சிடும். சிலிண்டரை மேல டெக்ல தனி லாக்கர்ல வைக்கணும், அந்த லாக்கரோட அடி ஓட்டை வெளிய கடலுக்குத் தொறக்கணும். சமைச்சு முடிச்சதும் சிலிண்டர்லயே மூடுங்க. பிரஷர் குக்கர் கட்டாயம், போட் ஆடினாலும் குழம்பு உள்ளயே இருக்கும்.

மறுபடி பினாங்கு தம்பி: நங்கூரத்துக்கு எவ்ளோ செயின் வேணும்?

ஆழம் 5 மீட்டர்னு வைங்க, தண்ணிக்கு மேல போட் மூக்கு 1 மீட்டர், லங்காவியில கடல்மட்டம் ஏறி இறங்குற பெரிய அலையேற்றத்துக்கு 3 மீட்டர் கூட்டுங்க. 9 ஆச்சா, செயின் அதுக்கு அஞ்சு மடங்கு விடணும், அப்போ 45 மீட்டர். மறந்துடாதீங்க, அலையேற்றத்தைக் கூட்டாம போடுறவங்கதான் நடுராத்திரி பக்கத்து போட் மேல போய் இடிக்கிறாங்க. 30 அடி போட்டுக்கு 8 மில்லிமீட்டர் செயின் 50 மீட்டர் இருந்தா இங்க சமாளிக்கலாம். நங்கூரத்தை, கடைக்காரர் சொல்ற சைஸுக்கு ஒரு சைஸ் பெருசாவே வாங்குங்க.

நிறைய பேர்: டாய்லெட்?

கை பம்ப் டாய்லெட்டே போதும். ரப்பர் வால்வு ஸ்பேர் வைங்க, அப்பப்ப வினிகர் ஊத்தி விடுங்க, இல்லைனா பைப்புக்குள்ள சுண்ணாம்பு கட்டி அடைச்சுக்கும். வர்ற விருந்தாளிக்கு முதல் நாளே பம்ப் அடிக்கச் சொல்லிக் குடுத்துடுங்க, கூச்சப்பட்டா அப்புறம் நீங்கதான் கழட்டணும்.

யாழ்ப்பாணத்திலேர்ந்து: அக்கா, லங்காவியில இருந்து இலங்கைக்கு வாறதெண்டா எப்ப வெளிக்கிடோணும்? சின்னப் போட்டால ஏலுமோ?

தாராளமா. ஜனவரியிலேர்ந்து மார்ச்சுக்குள்ள கிளம்பணும், வடகிழக்குக் காத்து பின்னாடியிலேர்ந்து தள்ளும். இலங்கையோட காலி துறைமுகத்துக்கு சுமார் 1,200 கடல் மைல், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்துல 10 நாள். அதுக்கு மேல ஒரு வாரத்துக்கான தண்ணி சேர்த்து வைங்க, குடிக்க சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4-5 லிட்டர். பக்கத்துல வர்ற கப்பலைக் காட்டுற ஏஐஎஸ் கருவி இல்லாம கிளம்பவே கூடாது, சுமத்ராவோட வட முனையைத் தாண்டினதும் மலாக்கா ஜலசந்திக்குப் போற வர்ற கப்பல் வரிசையா வரும். ரெண்டு பேரா வர்றதா இருந்தா காத்தை வச்சே தானா போட்டைத் திருப்புற விண்ட்வேன் ஒண்ணை வாங்கிப் பின்னாடி மாட்டிடுங்க, 10 நாளும் ராப்பகலா ஆள் மாத்தி ஆள் டில்லரை, அதான் சுக்கான் பிடியை, பிடிச்சுக்கிட்டு வர முடியாது.