மறுகா எங்க வாறது?

அன்புள்ள சேர்,

கோட்டைக்கல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். வயது 57. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். 31 வருட சேவை முடிந்துவிட்டது. மகள் மெல்பேர்னில், மகன் கொழும்பில். இருவரும் கல்யாணம் கட்டித் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, குளிசையில் கட்டுப்பாடு.

60 வரை காத்திராமல் இந்த வருடமே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு முழுநேரமாகப் பயணம் போக முடிவெடுத்திருக்கிறேன். முதலில் இலங்கை முழுவதும், பிறகு கப்பலில் நாகப்பட்டினம் போய் இந்தியா, அதன்பின் கிழக்காசியா. மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டையும் 20 பேர்ச்சஸ் காணியையும் விற்று நிலையான வைப்பில் போட்டால், அந்த வட்டியும் ஓய்வூதியமும் போதும் என்பது என் கணக்கு. அலுவலகத்தில் எல்லோரும் "உனக்கென்ன விசரா?" என்கிறார்கள். மனைவி எதிர்க்கவில்லை. "வித்துப்போட்டு மறுகா (பிறகு) எங்க வாறது?" என்று ஒருமுறை கேட்டாள். அதைப் போகப்போகப் பார்ப்போம் என்றேன். என் முடிவு சரியா சேர்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஓய்வு பெறுங்கள். பயணம் போங்கள். வீட்டை விற்காதீர்கள்.

அலுவலகத்தார் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். போர் தொடங்கிய 1983இல் உங்களுக்குப் பதினைந்து வயது இருந்திருக்கும். போர் முடிந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். இடையில் நாம் செய்த பயணங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸை விட்டிறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபக்கம் ஏறினோம். கொழும்பில் லொட்ஜ் எடுத்தால் இரவு கதவு தட்டப்படுமா என்று விழித்துக் கிடந்தோம். ஊர் பார்க்கவென்றே வீட்டைவிட்டுக் கிளம்புவது நமது தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று. உடம்பில் பலம் இருக்கும்போதே அதைக் கேட்கிறீர்கள். இதில் விசர் எதுவும் இல்லை.

ஓய்வு பற்றிய உங்கள் கணக்கும் சரி. 55க்குப் பிறகு அரச ஊழியர் விரும்பினால் விலகலாம். கட்டாய வயதை 2022இல் 65 ஆக்கிவிட்டு, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே திரும்ப 60க்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்துத் திட்டம் போட்ட எத்தனையோ பேர் தடுமாறிப் போனார்கள். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 30 வருடத்தைக் கடந்துவிட்டீர்கள். உங்களுக்குப் பின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உங்கள் மனைவிக்கு வரும். வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழும் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஓய்வுபெற்றவர்களுக்கும் இலவச ரயில் பயணத்துக்கான வொறண்ட் உண்டு. உதயதேவி ரயிலில் ஏறினால் இலங்கைப் பயணத்தில் பாதி தொடங்கிவிட்டது.

வைப்பு வட்டிக் கணக்கில்தான் எனக்குப் பயம். 2023 தொடக்கத்தில் ஒரு வருட வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் தந்தார்கள். இரண்டு வருடத்தில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. நீங்கள் செலவழிக்கப் போவதோ வெளிநாட்டுக் காசில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360ஐத் தாண்டியது. அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் பாங்கொக்கில் ஒரு அறையில் இருந்திருந்தால், கையிலிருந்த ரூபாய் கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். ரூபாயில் வரும் ஓய்வூதியத்தை நம்பி ரூபாயில் வாழலாம். அதே ரூபாயை நம்பி அந்நிய நாட்டில் வருடக்கணக்கில் வாழ முடியாது.

ஆனால் வட்டி 25 சதவீதமாக இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் "மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த" என்ற சொற்களை வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நானும் மனைவி வீட்டுக்கு வந்தவன்தான் தம்பி. களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ஆரையம்பதிக்கு வந்தேன். பெண்வழிச் சொத்துரிமை சொன்ன நமது பழைய முக்குவர் சட்டம் இப்போது நீதிமன்றத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமைச் சட்டம் இருக்கிறது, நமக்குப் பொதுச்சட்டம்தான். ஆனாலும் வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. தகப்பன் வயலை ஈடுவைத்து, அண்ணன் தம்பிமார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கல்லுக் கல்லாக அடுக்கிய வீடு அது. அந்தக் கூரையின் கீழ் முப்பது வருடம் இருந்த பிறகு எங்களுக்கு அது 'என் வீடு' ஆகிவிடுகிறது. பெண்களுக்கு அது அம்மாவின் வீடு, பிறகு மகளின் வீடு. நடுவில் இருக்கிற நாம் அதை விலை பேசுகிறோம்.

1990 ஆனியில் என் மனைவியும் மாமியும் உடுத்த உடுப்போடு அந்த வீட்டை விட்டு ஓடினார்கள். மாதங்கள் கழித்து வந்து பார்த்தால் சுவர் மட்டும் நின்றது. ஓடு இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை. கிணற்றுக் கப்பியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கையில் கொஞ்சக் காசு வந்ததும் மாமி முதலில் வாங்கியது ஒரு கப்பியும் கயிறும்தான். "கதவ மறுகா போடலாம், முதல்ல தண்ணி அள்ளணும்" என்றார். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு மாதம் இருந்தோம்.

நான் ஓய்வுபெற்ற அடுத்த வருடம் நாங்கள் இருவரும் நான்கு மாதம் தமிழ்நாடு சுற்றினோம். சிதம்பரத்திலிருந்து கன்னியாகுமரி வரை, பெரும்பாலும் ரயிலில். மனைவி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. விடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, அதுவே பெரிய விடுதலை. திருநெல்வேலியில் ஒரு இரவு, யன்னலைப் பார்த்தபடி, "இப்ப நம்மட முருங்கை பூத்திரிக்கும்" என்றாள். அலுத்துவிட்டதோ என்று பயந்து "போவமா?" என்று கேட்டேன். "ஏன் போற? சும்மா சொன்னன்" என்றாள்.

வீடு திரும்பிய அன்று பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். நான்கு மாதம் அள்ளாத தண்ணீர்; சருகு விழுந்து மணத்தது. கப்பி கீச்சிட்டது. விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு அதன் அச்சில் தடவினாள். பிறகு வாளி வாளியாக இறைத்து எல்லாத் தென்னையடிக்கும் ஊற்றினாள். நான் உதவிக்குப் போனதற்கு விடவில்லை. கால் கழுவி வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் கேட்டாள்: "அடுத்த முறை எங்க போற?"

இருக்கிற இடம் இருந்ததால் வந்த கேள்வி அது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுத் தங்கச்சி கேட்ட கேள்வியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே. திரும்பி வரும் இடம் எது என்றுதான் கேட்கிறார். 1990 இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட ஒரு கல்லாற்றுப் பெண்ணிடம் "அதைப் போகப்போகப் பார்ப்போம்" என்று சொல்வது எவ்வளவு கடினமான பதில்! அது இடம்பெயர்வில் கேட்ட பதில். அகதி முகாமில் அதைத்தான் எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள்.

இன்னொன்று. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது மகள் இருக்கும் அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகள் பார்ப்பது, நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதைத்தான். அதற்குக் காட்ட வீட்டு உறுதிப் பத்திரத்தைவிட நல்ல கடதாசி எது?

அதனால் வருடம் முழுவதும் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நம் ஊருக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும், முற்றத்து மணல் கால் சுடும், அப்போது கிளம்புங்கள். காங்கேசன்துறைக் கப்பலுக்கும் அதுதான் வசதி. 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. மாரியில் கடல் குழம்பினால் அதை நம்ப முடியாது. ஐப்பசி முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் மாரியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகமாட்டார்கள். கிளினிக் கொப்பிக்கும் இந்த ஒழுங்கு நல்லது. போகுமுன் டொக்டரிடம் சொல்லி, எத்தனை மாதத்துக்குக் குளிசை வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். வந்ததும் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

நீங்கள் இல்லாத மாதங்களில் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டாம், கறையான் தின்றுவிடும். சொந்தத்தில் புதிதாகக் கல்யாணம் கட்டிய யாரையாவது இருக்க விடுங்கள். உங்களுக்கென்று ஒரு அறை போதும். வாடகை வாங்காதீர்கள். முற்றம் கூட்டி, விளக்கு வைத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளினாலே போதும். மகளிடமும் ஒரு சொல் கேளுங்கள். அவருக்கு அந்த வீடு வேண்டாமாக இருக்கலாம். அதை அவர் வாயால் சொல்லட்டும்.

முதல் பயணம் எது என்று கேட்டீர்களானால், என்னிடம் ஒரு விருப்பம் இருக்கிறது. இந்த வருடக் கதிர்காமப் பாதயாத்திரை. உங்கள் வீட்டுப் படலையிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. அங்கே முருகனிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமுக்கன் ஆறு, பிறகு நாள்கணக்கில் காடு, கடைசியில் மாணிக்க கங்கை. வழியில் எல்லோருக்கும் எல்லோரும் 'சாமி'தான். நான் 62 வயதில் நடந்தேன். மனைவி எனக்கு முன்னால் நடந்தாள்.

உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் திகதியை அறிவித்ததும் ஒரு வரி எழுதுங்கள். முழங்கால் இடம் கொடுத்தால் நாங்களும் வருகிறோம். திருக்கோவிலில் சேர்ந்துகொள்ளலாம். பொரிமா நாங்கள் கொண்டு வருவோம். நீங்கள் இரண்டு பேருக்கும் நல்ல செருப்பும், தண்ணீர்க் கானும் எடுத்து வந்தால் போதும்.